துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு போங்கள்: பிரெஞ்சு சிவப்பு ஒயினைச் சுவைக்க, முதிரவைக்க, பரிமாற

நல்ல போர்தோ ஒயினை முதல் தடவை குடித்துப் பார்த்த என் மாமா முகத்தைச் சுளித்தார். "கொட்டப்பாக்க ஊறவச்ச தண்ணி மாதிரி இருக்கேடா, இதுக்கா இவ்ளோ காசு?" என்றார். பழிப்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த மேசையில் இருந்த ஏழெட்டுப் பேரில் ஒயினைச் சரியாகச் சுவைத்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் "ஆகா, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

மேற்கத்திய சமையல் கணக்கில் துவர்ப்பு ஒரு சுவையே இல்லை. நாக்கில் ஏற்படும் ஒரு தொடு உணர்ச்சி என்று அதை ஒதுக்கிவிடுவார்கள். நமக்கோ அது அறுசுவையில் ஒன்று. வாழைப்பூ, பாக்கு, நெல்லிக்காய், கடுக்காய், மாதுளைத் தோல் என்று சின்ன வயதிலிருந்தே அதன் வகைகள் நமக்குத் தெரியும். பிரெஞ்சு சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்ள இதைவிடப் பெரிய முதலீடு தேவையில்லை. எந்த ஒயினை எத்தனை வருடம் வைக்கலாம், எந்தச் சூட்டில் ஊற்ற வேண்டும், எதோடு சாப்பிட வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தத் துவர்ப்பைப் பின்தொடர்ந்தால் முக்கால்வாசி விடை கிடைத்துவிடும்.

துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற பொருள். அது திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் காம்பிலும் இருக்கிறது. ஒயினை ஓக் மரப் பீப்பாயில் வைத்தால் அந்த மரத்திலிருந்தும் கொஞ்சம் வரும். சிவப்பு ஒயின் செய்யும்போது சாற்றைத் தோலோடும் கொட்டையோடும் சேர்த்தே புளிக்கவிடுகிறார்கள். நிறமும் துவர்ப்பும் அப்படித்தான் இறங்குகின்றன. வாய்க்குள் போனதும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். எச்சிலின் வழுவழுப்பு போய்விடும், ஈறு உலர்ந்தது போல இருக்கும். மாமா சொன்ன பாக்குத் தண்ணீர் அதுதான்.

எந்தப் புட்டியிலிருந்து தொடங்குவது

பிரெஞ்சு ஒயின் புட்டியைக் கையில் எடுத்ததும் குழப்பம் வரும். திராட்சையின் பெயரைப் பெரும்பாலும் போட மாட்டார்கள், ஊர்ப் பெயரைத்தான் போடுவார்கள். எந்த ஊரில் எந்தத் திராட்சை என்று வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. கொஞ்சம் திமிர்தான். ஆனாலும் நான்கைந்து ஊர்களைத் தெரிந்துகொண்டால் சமாளித்துவிடலாம்.

முதலில் போர்தோ. அங்கே ஜிரோந்த் என்ற கழிமுகத்தின் இடக்கரையில் மெதோக் வட்டாரம். போயாக், மார்கோ, சான் ஜூலியான் எல்லாம் அதில் அடக்கம். மண்ணில் கூழாங்கற்கள் நிறைந்திருக்கும், அதில் கபெர்னே சோவின்யோன் நன்றாக விளையும். சிறிய மணி, தடித்த தோல், அதனால் துவர்ப்பு அதிகம். வலக்கரைப் பக்கம் சான்தெமிலியோனும் பொமெரோலும். அங்கே களிமண் கூடுதல், மெர்லோ திராட்சைதான் ஆட்சி செய்யும். துவர்ப்பு மெத்தென்று இருக்கும்.

போர்தோ என்றதும் 1855-ஆம் ஆண்டுத் தரப்பட்டியலைப் பற்றிப் பேசாமல் யாரும் விடமாட்டார்கள். பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் போட்ட பட்டியல் அது. தரகர்கள் அதுவரை விற்ற விலையை வைத்து மெதோக் தோட்டங்களை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் லாஃபித், லத்தூர், மார்கோ, இவற்றோடு மெதோக்குக்கு வெளியே இருந்து ஓ பிரியோன். 1973-ல் மூத்தோன் ரோத்ஷில்டு இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியது. நூற்றைம்பது வருடத்துக்கு மேலான பட்டியலில் இதுதான் பெயர் சொல்லும்படியான ஒரே மாற்றம். அன்றைய விலைப் பட்டியலை வேதமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பழகும்போது அந்தப் பெயர்களின் பக்கமே போகாதீர்கள். 'கிரூ புர்ஷுவா' (அந்தப் பட்டியலில் இடம்பெறாத நல்ல தோட்டங்களுக்கான தரப்பெயர்) என்று அச்சிட்ட மெதோக் புட்டி ஒன்று போதும். பள்ளிக்கூடம் அங்கேயே தொடங்கலாம்.

பர்கண்டியில் கதையே வேறு. பிரெஞ்சுக்காரர்கள் பூர்கோஞ் என்பார்கள். சிவப்புக்கு ஏறக்குறைய ஒரே திராட்சை, பினோ நுவார். தோல் மெல்லியது, நிறமும் வெளிறியது, துவர்ப்பு பட்டு மாதிரி. இங்கே ஒயினின் தரம் நிலத்தின் துண்டைப் பொறுத்தது. வட்டாரம், ஊர், 'பிரமியே கிரூ', 'கிரான் கிரூ' என்று நான்கு படிகள். ஆனால் ஒரே துண்டு நிலம் பலர் கையில் இருக்கும். சிஸ்டர்சியன் துறவிகள் மதில் எழுப்பிப் பயிரிட்ட குளோ த வூஜோ தோட்டம் சுமார் 50 ஹெக்டேர். இன்று அதற்கு ஏறத்தாழ 80 சொந்தக்காரர்கள். எல்லார் புட்டியிலும் அதே கிரான் கிரூ பெயர்தான், உள்ளே இருப்பதோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே பர்கண்டியில் முதலில் செய்தவர் பெயரைப் பாருங்கள், அப்புறம் நிலத்தின் பெயரைப் பாருங்கள்.

1395-ல் பர்கண்டிக் கோமகன் துணிச்சல்கார பிலிப், காமே என்ற திராட்சையைத் தன் நாட்டிலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். நிறையக் காய்க்கும், தரம் போதாது என்பது அவர் குற்றச்சாட்டு. தெற்கே பொஜொலே மலைச்சரிவுகளில் அதே காமே இன்றைக்குப் பெயரோடு வாழ்கிறது. மோர்கோன், ஃப்ளூரி போன்ற பத்து ஊர்களின் ஒயினில் துவர்ப்பு மிகக் குறைவு. தொடங்குகிறவருக்கு இது நல்ல முதல் படி.

அடுத்து ரோன் ஆற்றங்கரை. வடபகுதியில் எர்மிதாஜ், கோத் ரோத்தி, கோர்னாஸ். மூன்றிலும் சிரா திராட்சை. முகர்ந்து பார்த்தால் மிளகு வாசம் வரும். இது யாரோ கவித்துவமாகச் சொன்னதில்லை. ரோட்டண்டோன் என்ற மூலக்கூறு நம் அஞ்சறைப் பெட்டி மிளகிலும் இருக்கிறது, சிராவின் தோலிலும் இருக்கிறது. தென்பகுதியில் ஷாத்தோநெஃப் து பாப், அங்கே கிரெனாஷ் முதன்மை. 1954-ல் அந்த ஊர் மேயர், பறக்கும் தட்டுகள் தங்கள் தோட்டங்களில் இறங்கக் கூடாது என்று ஆணையே பிறப்பித்தார். ஊருக்கு விளம்பரம் என்றாலும், திராட்சைக்கொடி மேல் அங்கே இருக்கும் பாசமும் அதில் தெரியும்.

பழகுவதற்கு மூன்று புட்டி வாங்குங்கள். ஒரு மோர்கோன், ஒரு மெதோக் கிரூ புர்ஷுவா, வட ரோனிலிருந்து ஒரு குரோஸ் எர்மிதாஜ். மூன்றையும் ஒரே நாள் திறந்து, நாலைந்து பேராகச் சேர்ந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள். தனித்தனி நாளில் முப்பது புட்டி குடிப்பதை விட அந்த ஒரு மாலை அதிகம் சொல்லித்தரும்.

சுவைப்பது

கோப்பை டியூலிப் பூ போல அடி அகன்று வாய் குறுகி இருக்கட்டும். வாசனை வெளியே ஓடாமல் உள்ளேயே சுற்றும். கழுவிய சோப்பு வாசம் அறவே இருக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். தண்டைப் பிடியுங்கள்.

முதலில் நிறம். வெள்ளைத் துணிமேல் கோப்பையைச் சாய்த்து, ஓரத்தைப் பாருங்கள். ஓரம் நாவல்பழச் சாறு போல ஊதாவாக இருந்தால் இளையது. மாணிக்கச் சிவப்பாக இருந்தால் சில வருடம் ஆனது. செங்கல் நிறம் தட்டினால் வயதானது. முழுக்கப் பழுப்பாகிவிட்டிருந்தால் பெரும்பாலும் அதன் காலம் முடிந்துவிட்டது. பினோ நுவார் இளமையிலேயே வெளிறியிருக்கும், அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். கோப்பைச் சுவரில் வழியும் கோடுகளைக் கண்ணீர் என்று சொல்லிப் பெருமைப்படுவார்கள். ஒயினில் உள்ள சாராயம் (ஆல்கஹால்) ஆவியாவதால் ஏற்படும் விளைவு அது, தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கண்ணை அதிகம் நம்பவும் கூடாது. போர்தோவில் ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு. சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அவர்கள் அதற்கும் எழுதினார்கள். ஒயினைத் தொழிலாகப் படிக்கிறவர்களுக்கே இந்தக் கதி. அதனால் லேபிளை ஒரு காகிதப் பையில் மறைத்துவிட்டுச் சுவைப்பது நல்ல பழக்கம்.

அடுத்தது மூக்கு. கோப்பையை அசைக்காமல் ஒரு தடவை முகருங்கள். பிறகு நன்றாகச் சுழற்றி இன்னொரு தடவை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள், அதுதான் முக்கியம். இளைய ஒயினில் பழ வாசம் தூக்கலாக இருக்கும். கபெர்னேயில் பிளாக்கரன்ட் போன்ற கறுப்புப் பழங்கள், சரியாகப் பழுக்காத வருடங்களில் பச்சைக் குடைமிளகாய். பினோ நுவாரில் செர்ரி, ராஸ்பெரி. வயதாக ஆக பழம் பின்வாங்கி, தேவதாரு மரம், புகையிலை, காளான், காய்ந்த இலைக் குப்பை என்று வேறொரு கூட்டம் வரும். ஐரோப்பியப் பழங்களின் பெயர் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். நாவல்பழம், பழைய புத்தக அலமாரி, கற்பூரப் பெட்டி, கருப்பட்டி என்று உங்களுக்குத் தோன்றுவதையே எழுதி வையுங்கள். அடுத்த தடவை அதே வாசத்தை அடையாளம் கண்டுகொள்ள உதவுவது உங்கள் சொந்தச் சொல்தான்.

மூன்றாவது வாய். ஒரு மிடறு எடுத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். சத்தம் வரும், பரவாயில்லை. பத்து விநாடி வாய் முழுக்கப் புரளவிடுங்கள். புளிப்பு எவ்வளவு என்று தெரிய, நாக்கின் இரு ஓரத்தில் எச்சில் ஊறும் வேகத்தைக் கவனியுங்கள். சாராயத்தின் அளவைத் தொண்டையின் சூடு சொல்லும்.

துவர்ப்புக்கு ஈறும் கன்னத்தின் உட்புறமும். இங்கே நிதானியுங்கள். எவ்வளவு துவர்ப்பு என்பதைக் காட்டிலும் எந்த வகைத் துவர்ப்பு என்பது பெரிய கேள்வி. வாழைக்காய்க் கறை போலப் பிசுபிசுத்து, கசப்போடு ஒட்டிக்கொள்கிறதா? பழுக்காத கொட்டையிலிருந்து வந்தது, காலம் போனாலும் அது திருந்தாது. கொட்டைப்பாக்கு போல வறட்டுத்தனமாக இருக்கிறதா? மரப்பீப்பாயின் கை கொஞ்சம் ஓங்கியிருக்கலாம். பெரிய நெல்லிக்காயைக் கடித்தது போல முதலில் பிடித்திழுத்து, பிறகு வாயெல்லாம் இனிப்பை விட்டுச் செல்கிறதா? அப்படியானால் உங்கள் கையில் நல்ல ஒயின் இருக்கிறது, இளையதாக இருந்தால் வைத்துப் பார்க்கலாம்.

விழுங்கிய பிறகு மணி பாருங்கள். சுவை வாயில் எத்தனை விநாடி நிற்கிறது? பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஓர் அளவையே வைத்திருக்கிறார்கள். ஒரு விநாடி நின்றால் ஒரு 'கோதலி'. நான்கைந்தில் அணைந்தால் சாதாரணம். பத்தைத் தாண்டினால் கூப்பிட்டு அடுத்தவருக்கும் கொடுக்கத் தோன்றும்.

விழுங்கிய பிறகு என்றேன், ஆனால் நாலு புட்டிக்கு மேல் சுவைக்கிற நாளில் விழுங்கக் கூடாது. துப்ப வேண்டும். அவர்கள் 'கிராஷ்வார்' என்கிற பாத்திரத்தை நம் தாத்தாக்கள் படிக்கம் என்றார்கள். வெற்றிலைக்கு வைத்திருந்ததுதான், நோக்கம் மட்டும் வேறு. போர்தோ வியாபாரிகள் காலையிலேயே ஐம்பது அறுபது ஒயின் சுவைத்துவிட்டுத் தெளிவாக மதியச் சாப்பாட்டுக்குப் போவது இதனால்தான்.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது

உணவகத்தில் முதலில் உங்கள் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக அல்ல, கெட்டிருக்கிறதா என்று கேட்பதற்காக. முகர்ந்தாலே போதும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி அல்லது ஈரக் கோணியின் முடை வந்தால் தக்கையில் கோளாறு. திருப்பி அனுப்பலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காடி வாசமோ நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் வாசமோ வந்தாலும் அப்படியே. பழப்பாகு கொதித்தது போல வாசம் வந்தால் எங்கோ வெயிலில் கிடந்திருக்கிறது. குதிரை லாய வாசம் ஒரு வகை ஈஸ்ட்டின் வேலை. லேசாக இருந்தால் பழைய ரோன் ரசிகர்கள் அதைக் கொண்டாடுவார்கள், எனக்கு அது ஒத்துவருவதில்லை.

தக்கையின் மேல்பக்கம் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தால் அது குற்றமில்லை, ஈரமான நிலவறையில் இருந்ததன் அடையாளம். தக்கையின் அடியில் மின்னும் சிறு படிகங்களும் கண்ணாடித் துண்டுகள் அல்ல. திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம் உப்பாகப் படிந்தது. புளிக்குப் புளிப்பைத் தருவதும் அதே அமிலம்தான்.

முதிரவைப்பது

முதலில் ஒரு கசப்பான உண்மை. பிரான்ஸில் செய்யும் ஒயினில் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடித்துவிடுவதற்காகவே செய்யப்படுகிறது. அதை இருபது வருடம் பத்திரப்படுத்தினால் கிடைப்பது பழைய ஒயின், நல்ல ஒயின் அல்ல. முதிரவைக்கத் தகுந்த ஒயினுக்குத் துவர்ப்பும் புளிப்பும் இளமையிலேயே தாராளமாக இருக்க வேண்டும், அவற்றுக்கு ஈடுகொடுக்கப் பழமும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் காலம் அதைக் கைவிட்டுவிடும்.

புட்டிக்குள் நடப்பது மெதுவான சமையல். டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் கைகோத்துப் பெரிதாகிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் கனம் தாங்காமல் அடியில் படியும். ஒயினின் துவர்ப்பு மென்மையாவதும், நிறம் வெளிறுவதும், மண்டி சேர்வதும் ஒரே கதையின் மூன்று அத்தியாயங்கள். பழைய புட்டியின் அடியில் கறுத்த மண்டியைப் பார்த்துப் பயந்து கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: என் மாமாவைச் சுளிக்க வைத்த பாக்குத் தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

கால அளவு தோராயமாகத்தான் சொல்ல முடியும். பொஜொலேயின் பத்து ஊர் ஒயின்களுக்கு மூன்றிலிருந்து எட்டு வருடம். ஊர்ப்பெயர் மட்டும் போட்ட பர்கண்டிக்கு ஐந்திலிருந்து பத்து. நல்ல பிரமியே கிரூவுக்கு எட்டிலிருந்து பதினைந்து. கிரூ புர்ஷுவாவுக்கு ஐந்திலிருந்து பன்னிரண்டு. தரப்பட்டியலில் உள்ள மெதோக்குக்குப் பத்தில் தொடங்கி, நல்ல வருடமானால் முப்பது வரை. எர்மிதாஜும் அப்படித்தான், அவசரப்படுத்தினால் முறைக்கும்.

நல்ல வருடம் என்றேன். போர்தோவில் 1961, 1982, 1990, 2005, 2010, 2016 என்ற எண்களை ஒயின் பைத்தியங்கள் பிறந்தநாள் போல ஒப்பிப்பார்கள். 2013-ல் குளிரும் மழையும் சேர்ந்து பழுக்கவிடவில்லை. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுமாரான வருடத்து ஒயின் சீக்கிரம் கனிந்துவிடும், விலையும் இறங்கும். பேரன் காலத்துக்குக் காத்திருக்க விரும்பாதவர் அதையே தேடி வாங்கலாம்.

வைக்கும் இடத்துக்கு வருவோம். 12-லிருந்து 14 டிகிரி வரை சூடு, வருடம் முழுக்க மாறாமல். காற்றில் சுமார் 70 சதவீத ஈரம். இருட்டு. அசைவில்லாமை. இந்த நான்கில் மாறாத தன்மைதான் தலைமை. பகலில் 20, இரவில் 10 என்று ஏறி இறங்குவதைக் காட்டிலும் எப்போதும் 16 என்றிருப்பது மேல். சூடு ஏறும்போது ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். புட்டியைப் படுக்கவைத்தால் தக்கை நனைந்தே இருக்கும், உலர்ந்து சுருங்காது. லேபிள் மேலே பார்த்திருக்கட்டும். அப்போது மண்டி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று பிறகு தெரியும்.

பாரிஸின் பழைய குடியிருப்புகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்தடியில் 'காவ்' என்ற ஒரு சின்ன நிலவறை இருக்கும். ஒயின் இல்லாதவர்கள் அங்கே உடைந்த மிதிவண்டியைப் போட்டு வைத்திருப்பார்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு கத்திரி வெயிலுக்கே அலமாரியில் உள்ள பர்கண்டி வெந்துவிடும். ஒயினுக்கென்று செய்த குளிர்ப்பெட்டி வாங்க முடிந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் நீண்ட நாள் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். சமையலறைக் குளிர்சாதனப் பெட்டி சில வாரங்களுக்குத்தான் சரி. அங்கே காற்று வறண்டது, அதன் குளிரில் முதிர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும்.

ஒரே ஒயினில் ஆறு புட்டி வாங்கி, இரண்டு வருடத்துக்கு ஒன்றாகத் திறந்து குறிப்பெழுதுவதுதான் முதிர்ச்சியைக் கற்க ஒரே வழி. நடுவில் ஒரு தடவை பழமும் இல்லாமல் மணமும் இல்லாமல் வெறும் துவர்ப்பு மட்டும் நின்று உங்களை ஏமாற்றும். ஒயின் வாயை மூடிக்கொண்டுவிட்டது என்பார்கள். பதறாமல் அடுத்ததை இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போடுங்கள். ஒன்றரை லிட்டர் பெரிய புட்டியில் ஒயின் அளவுக்குக் காற்று குறைவு, அதனால் இன்னும் நிதானமாக முதிரும்.

பழைய புட்டியை யாரிடமாவது வாங்குவதானால் கழுத்தில் ஒயின் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். முப்பது வருடப் புட்டியில் கழுத்தின் அடிவரை இறங்கியிருந்தால் இயல்பு. தோளுக்குக் கீழே போயிருந்தால் காற்று புகுந்திருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

திறக்கிற நாள்

பாரிஸில் ஓர் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிலவறையிலிருந்து ஒரு பழைய போர்தோவை எடுத்துவரச் சொன்னார்கள். நான் அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, படியில் கையை வீசிக்கொண்டே ஏறி வந்து, அப்படியே திறந்து ஊற்றினேன். கோப்பையில் இறங்கியது சேற்றுத் தண்ணீர். வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி அன்று இரவு முழுக்க என்னோடு பேசவில்லை.

ஆகவே பழைய புட்டியை இரண்டு நாள் முன்பே எடுத்து நிமிர்த்தி வையுங்கள். பக்கத்தில் கிடந்த மண்டி அடிக்கு இறங்கட்டும். திறக்கும்போது மேலுறையை உதட்டுக்குக் கீழே வெட்டி, ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள். பழைய தக்கை உதிரும். திருகு முழுவதும் இறங்கிய பிறகு, இழுக்கும் ஒவ்வொரு இழுப்பிலும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மெல்லிய தகடு கொண்ட தக்கை எடுப்பானை ஓரத்தில் செருகித் திருகி எடுப்பது இன்னும் பத்திரம்.

மண்டியைப் பிரிப்பதை நம் வீட்டில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. ரசத்தைக் கலக்காமல் தெளிவை மட்டும் இறுத்து ஊற்றுவதுதான் இது. ஒரு கையில் கண்ணாடிக் குடுவை, இன்னொரு கையில் புட்டி. கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவத்தி, அல்லது கைப்பேசி விளக்கு. இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக, மெதுவாக ஊற்றுங்கள். நிறுத்தி நிமிர்த்தினால் மண்டி கிளம்பிவிடும். தோள் பகுதியில் புகை போல ஒரு கறுப்புக் கோடு வருவதைக் கண்டதும் கையை நிமிர்த்திவிடுங்கள். ஒரு விரற்கடை ஒயின் வீணாகும், போகட்டும்.

இளைய ஒயினைக் குடுவையில் ஊற்றுவதன் நோக்கம் வேறு. அதற்கு மண்டி கிடையாது, காற்றுதான் வேண்டும். முரட்டு மெதோக்கையோ கோர்னாஸையோ சாப்பாட்டுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு ஊற்றிவைத்தால் மணம் அவிழும், துவர்ப்பும் கொஞ்சம் இணங்கி வந்தது போலத் தோன்றும். பழைய ஒயினுக்கு இதைச் செய்தால் அதன் மிச்சமிருக்கும் மணமும் மேசைக்கு வருமுன்பே பறந்துவிடும். போர்தோவின் புகழ்பெற்ற ஒயின் அறிஞர் எமில் பெய்னோ, மண்டி இருந்தால் மட்டும் இறுத்து ஊற்றுங்கள், அதையும் ஊற்றுவதற்குச் சற்று முன்னால் செய்யுங்கள் என்று வலியுறுத்தினார். பழைய ஒயினுக்கு நான் அவர் கட்சி. பர்கண்டியில் பலர் குடுவைப் பக்கமே போவதில்லை, புட்டியிலிருந்து நேராகக் கோப்பைக்குத்தான்.

சூடு விஷயத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு, சூடேற்றும் கருவிகள் வருமுன் பிரெஞ்சு வீடுகளில் பிறந்தது. அந்த அறை 16, 17 டிகிரிதான் இருக்கும். நம் ஊர் அறையில் 30. அந்தச் சூட்டில் சாராயம் மூக்கில் ஏறும், பழம் குழைந்துவிடும். நேர்மாறாக, மிகவும் குளிர்ந்தால் துவர்ப்பு கூர்மையாகி வாயைக் கட்டிவிடும். எனவே துவர்ப்பு எவ்வளவோ அவ்வளவு சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொஜொலே 12 அல்லது 13, பர்கண்டி 14-லிருந்து 16, போர்தோவும் எர்மிதாஜும் 16-லிருந்து 18. அறைச் சூட்டில் இருக்கும் புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்து நிமிடம். ஒன்றிரண்டு டிகிரி குறைவாகவே ஊற்றுங்கள், கோப்பையில் தானாக ஏறிக்கொள்ளும்.

ஒரு கோப்பைக்கு 125 மில்லி என்றால் 750 மில்லி புட்டி ஆறு பேருக்கு வரும். இரண்டு மூன்று ஒயின் இருந்தால் மென்மையானது முன்னால், முரடு பின்னால். முரட்டு ஒயினுக்குப் பிறகு முதிர்ந்த பர்கண்டி வந்தால் அது தண்ணீராகத் தெரியும், பாவம்.

எதோடு சாப்பிடுவது

வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுகிறோம். கறுக்காமல் இருக்கும், துவர்ப்பும் அடங்கும். மோரின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு ஒயினோடு இறைச்சியும் பாலாடைக்கட்டியும் சேருவதற்குக் காரணம் இதேதான். டானின் உங்கள் எச்சிலை விட்டுவிட்டு இறைச்சியின் புரதத்தையும் கொழுப்பையும் பிடித்துக்கொள்ளப் போய்விடும். போயாக் ஊர்க்காரர்கள் தங்கள் ஒயினோடு தங்கள் ஊர் ஆட்டுக்குட்டியையே சுட்டுச் சாப்பிடுகிறார்கள். பினோ நுவாருக்கு வாத்து, காளான். பாலாடைக்கட்டியில் கோந்த்தே போன்ற கெட்டி வகையே சிவப்பு ஒயினுக்குத் தோழன். வழிகிற மென்மையான கட்டிகளும் நீலப் பூசணக் கட்டிகளும் துவர்ப்போடு மோதும்.

மீன் வேண்டாம். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து வாயில் ஓர் உலோகக் கவிச்சியைக் கிளப்பும். மிளகாய்க் காரமும் வேண்டாம். சாராயம் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பு சொரசொரக்கும். மிளகு வேறு கதை. காய்ந்த மிளகாய் சேர்க்காத மிளகு ஆட்டுக்கறி வறுவலையும் ஒரு கோர்னாஸையும் சேர்த்து ஒரு நாள் பாருங்கள். பாரிஸில் இருக்கும் எந்த உணவகப் பட்டியலிலும் இந்தச் சேர்க்கையை நான் பார்த்ததில்லை, அவர்களுக்குத்தான் நஷ்டம்.

மிஞ்சிய இளைய ஒயினைத் தக்கையிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். சில முரட்டு ஒயின்கள் மறுநாள்தான் நன்றாக இருக்கும். பழையது தாங்காது, அன்றே முடித்துவிடுங்கள். அடியில் நின்ற அந்த ஒரு விரற்கடை மண்டியைக் காப்பி வடிகட்டும் தாளில் இறுத்து, மறுநாள் கறி வேகும் சட்டியில் ஊற்றிவிடலாம். துவர்ப்பை இறைச்சி பார்த்துக்கொள்ளும்.